வெங்காயம் உரிக்கப் போன ஓவிய நிபுணர்கள்

புதுக்கோட்டைக்குக் கிளம்புமுன் ஒஸ்லோ அலுவலகத்தில் எங்களுக்கு ஒரு வகுப்பு எடுத்தார்கள். யார் கண்ணிலும் படாமல் போய், யார் கண்ணிலும் படாமல் திரும்பி வாருங்கள் என்பதுதான் அதன் சாரம். வகுப்பு எடுத்தவர் நல்ல மனிதர். ஆனால் தமிழ்நாட்டில் ஒரு பஸ்ஸில்கூட ஏறியதில்லை. நோர்வேயில் ஒருவர் மாட்டைப் பிடித்துக்கொண்டு டிராமில் ஏறினாலும் பக்கத்தில் இருப்பவர் சன்னலுக்கு வெளியே பனியைப் பார்த்துக்கொண்டு வருவார். எல்லா ஊரும் அப்படித்தான் என்று நினைத்து எங்களை அனுப்பிவிட்டார்.

எங்களை என்றால் என்னையும் செனாடாவையும். நான் யாழ்ப்பாணத்தில் பிறந்து, பள்ளிக்கூட வயதிலேயே நோர்வேக்கு வந்து, ஆஸ்பத்திரிகளிலும் அலுவலகங்களிலும் மொழிபெயர்த்து வயிறு வளர்ப்பவள். செனாடா பொஸ்னியாக்காரி. ஆறடி உயரம், வெள்ளை முடி, கனத்த குரல். அவளுடைய நாட்டுச் சண்டையில் ஆயுதம் வைத்திருந்தவர்கள் அவளுக்குச் செய்ததை அவள் மறைப்பதில்லை. தன் கால் சப்பாத்தின் அளவைச் சொல்வது போலச் சொல்லிவிடுவாள். போர்க்காலத்தில் பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்களுக்கு உதவும் சர்வதேச நிதியம் ஒன்றில் இருவரும் வேலை செய்கிறோம். அவள் உட்கார்ந்து கேட்பாள், நான் இரண்டு பக்கமும் பேசுவேன்.

இலங்கையிலிருந்து அகதிகளாக வந்தவர்களுக்கு இந்த மாவட்டத்தில் முகாம்கள் உண்டு. அதில் ஒன்றில் மலர் இருக்கிறாள். சண்டைக்கு நடுவில், இளம்பெண்ணாக இருந்தபோது, அவளுக்கும் அது நடந்தது. அதன் பிறகுதான் கடல் தாண்டினாள். அன்றிலிருந்து இடுப்புக்குக் கீழே ஒரு வலி. எந்த டாக்டரிடமும் அவள் முழுதாகச் சொன்னதில்லை. பாதி கேட்ட டாக்டர்கள் பாதி மருந்து கொடுத்தார்கள். எங்கள் நிதியம் வைத்தியத்துக்கு வழி செய்யும். என்ன நடந்தது என்று அவள் விவரிக்க வேண்டிய கட்டாயம் இல்லை. என்ன உதவி வேண்டும் என்பதை மட்டும் அவள் வாயாலேயே சொல்லிச் சம்மதிக்க வேண்டும். நேரில் வாருங்கள் என்றாள். கூடவே ஒரு நிபந்தனையும் போட்டாள்.

"ஏன் வந்தனீங்கள் எண்டு இங்கை ஒரு குருவிக்குத் தெரிஞ்சாலும் நான் வரமாட்டன். பிறகு போன் எடுக்கவும் வேண்டாம்."

அதனால் இந்தக் கட்டுரையில் பெயர்களை மாற்றியிருக்கிறேன். என்ன விசேஷம், எந்தச் சந்தி என்பதிலும் கொஞ்சம் கை வைத்திருக்கிறேன். அச்சுக்குக் கொடுக்குமுன் மலருக்குப் போனில் முழுதும் வாசித்துக் காட்டினேன். "எல்லாம் சரி, முட்டை மாஸைப் பற்றி இவ்வளவு வேணுமோ?" என்று மட்டும் கேட்டாள். வேண்டும்.

முதல் நாள் திருச்சியிலிருந்து பஸ்ஸில் வந்தோம். காரில் போனால் ஆட்கள் பார்ப்பார்கள், பஸ்ஸில் கூட்டத்தோடு கரைந்துவிடலாம் என்பது என்னுடைய யோசனை. கீரனூரில் இறங்கியவர்களைவிட ஏறியவர்கள் அதிகம். நின்றுகொண்டிருந்த ஒரு பெண், "செத்த வச்சுக்கங்கம்மா" என்று சொல்லித் தன் குழந்தையைச் செனாடாவின் மடியில் வைத்தாள். பதிலுக்கு அவள் காத்திருக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் வேறொருவருடைய துணிப் பையும், இன்னொருவருடைய டிபன் கேரியரும் வந்து சேர்ந்தன. குழந்தை செனாடாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு தூங்கிவிட்டது.

"இது இனி என்னுடைய பிள்ளையா?" என்று செனாடா நோர்வே மொழியில் கேட்டாள்.

"புதுக்கோட்டை வரைக்கும்" என்றேன்.

நடத்துனர் வந்தார். "அம்மா எந்த நாடுங்க?"

"நோர்வே."

"நீங்க?"

"நானும் அங்கைதான்."

"தமிழ் பேசுறீங்களே. கேரளாப் பக்கமா?"

இத்தனை வருடம் தமிழுக்கு மொழிபெயர்த்துச் சம்பளம் வாங்கிய என்னை ஒரே கேள்வியில் மலையாளியாக்கிவிட்டார். அடுத்த கேள்வியைத்தான் நான் பயந்துகொண்டிருந்தேன். எதற்கு வந்திருக்கிறோம்? பஸ்ஸே பேச்சை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தது. வகுப்பில் சொல்லிக்கொடுத்தபடி சுருக்கமாக, "சித்தன்னவாசல் ஓவியம் பாக்க" என்றேன்.

சுருக்கமான பதிலை யாரும் சுருக்கமாக எடுத்துக்கொள்ளவில்லை. எந்த நிறுத்தத்தில் இறங்க வேண்டும் என்பதில் முன்பக்கத்துக்கும் பின்பக்கத்துக்கும் வாக்குவாதம் ஆனது. "அதுல என்னங்க இருக்கு, பாதி அழிஞ்சு போச்சு. அதுக்கா இம்புட்டுத் தூரம் வாரீங்க?" என்றார் ஒரு பெரியவர். "அது ஒங்களுக்குத் தெரியாது. அவுங்க அதுக்குன்னே படிச்சவுங்க" என்று குழந்தையின் தாய் எங்களுக்காக வாதாடினாள். நாங்கள் புதுக்கோட்டையில் இறங்கும்போது சுற்றுலாப் பயணிகளாக இல்லை, ஓவிய நிபுணர்களாகிவிட்டிருந்தோம். இறங்குமுன் அவள் எங்களோடு செல்ஃபி எடுத்துக்கொண்டாள். பிள்ளையைத் திருப்பிக் கொடுக்கும்போது செனாடாவின் முகம் வாடிவிட்டது.

இரவுச் சாப்பாட்டுக்கு ஒரு மெஸ். அங்கேதான் முட்டை மாஸ் எங்கள் வாழ்க்கையில் நுழைந்தது. அவித்த முட்டையைத் துண்டு துண்டாக்கி, வெங்காயமும் மிளகும் போட்டுப் பிரட்டி, வாழை இலையில் வைத்துத் தருகிறார்கள். நோர்வேயில் அவித்த முட்டையைப் பாதியாக வெட்டி மேலே ஒரு உப்பு மீனை வைத்துவிட்டால் அது விருந்து. செனாடா முதல் வாய் வைத்துவிட்டுக் கண்ணை மூடினாள். மெஸ்கார அம்மா என்னைப் பார்த்து, "இன்னொண்ணு போடவா? ஆளு ஒசரத்துக்கு இது காணாதே" என்றார். அதை நான் மொழிபெயர்க்கவில்லை. தலையை மட்டும் ஆட்டினேன்.

லாட்ஜிலிருந்து மலருக்குப் போன் செய்தேன். எங்கள் விதிப்படி சந்திப்பு அமைதியான, கதவு பூட்டக்கூடிய தனி அறையில் நடக்க வேண்டும். அப்படியொரு அறை பிடித்திருக்கிறேன் என்று பெருமையாகச் சொன்னேன்.

"லொட்ஜோ?" என்றாள் மலர். "நான் லொட்ஜுக்குள்ளை காலடி வச்சால் நான் திரும்பிப் போக முன்னம் கதை முகாமுக்குப் போயிடும்."

கோயில் என்றேன். கோயிலில் எல்லாரும் தெரிந்த ஆட்கள் என்றாள். ஆஸ்பத்திரி என்றேன். என்ன வருத்தம், என்ன நோய் என்று கேட்பார்கள் என்றாள். "யோசிச்சுச் சொல்லுறன்" என்று வைத்துவிட்டாள். அந்தக் குரல் எனக்குப் பழக்கமான குரல். பின்வாங்கப் போகிறவர்கள் அப்படித்தான் பேசுவார்கள். எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை.

இரண்டாம் நாள் காலை வாசலில் முருகேசன் நின்றார். லாட்ஜிலும் நான் சொல்லியிருந்த அதே ஓவியக் கதையை நம்பி லாட்ஜ்காரர் அனுப்பிய கார் டிரைவர். நாங்கள் கேட்காமலே வந்திருந்தார்.

"சித்தன்னவாசல் கெளம்பலாமா மேடம்? வெயிலுக்கு முன்னாடி போயிரலாம்."

பொய் சொன்னால் அதைக் கட்டிக் காக்க வேண்டும். கிளம்பினோம். வெயிலுக்கு முன்னால் என்பது முருகேசனின் கணக்கு. பாறை அதற்குள் காய ஆரம்பித்திருந்தது. நான் நாலு எட்டுக்கு ஒருமுறை நின்று மூச்சு வாங்கினேன். ஒஸ்லோவில் வெயில் வந்தால் விடுமுறை போல எல்லாரும் வெளியே ஓடுவார்கள். இங்கே வெயிலைக் கண்டு நாய்கூட நகர்ந்து படுத்தது.

குகைக்குள்ளே மேற்கூரையில் தாமரைக் குளம். மீன்கள், வாத்துகள், பூப்பறிக்கும் ஆட்கள். உண்மையில் பாதி அழிந்துதான் போயிருந்தது. செனாடா அண்ணாந்து பார்த்தபடி அசையாமல் நின்றாள். "பாதி போனாலும் மிச்சப் பாதி இன்னும் பூப்பறித்துக்கொண்டிருக்கிறது" என்றாள். அவ்வளவு நேரம் அவள் நின்றதில் முருகேசனுக்கு இருந்த கொஞ்ச நஞ்சச் சந்தேகமும் தீர்ந்துவிட்டது. வெளியே போய்ப் போனில் யாரிடமோ பேசியது எனக்குக் கேட்டது. "ஆமாண்ணே. சும்மா ஆளுங்க இல்லண்ணே. ஒத்தப் படத்த அரை மணி நேரமாப் பாக்குறாங்க."

வழியில் அன்னவாசலில் டீ குடித்தோம். டீக்கடைக்காரர் காசு வாங்க மறுத்தார். அப்போதே எனக்கு ஏதோ சரியில்லை என்று பட்டிருக்க வேண்டும்.

மூன்றாம் நாள் காலை முருகேசன் சிரித்த முகமாக வந்தார். "ஒரு சின்ன விசயம் காட்டணும் மேடம். வண்டியில ஏறுங்க." முகாமுக்குப் பிரியும் சாலைச் சந்தியில் காரை நிறுத்தினார். இறங்கிப் பார்த்தேன்.

பிளெக்ஸ். இரண்டு ஆள் உயரம். அதில் பெரும்பகுதியை வெள்ளைச் சட்டையும் கறுப்புக் கண்ணாடியும் போட்டு, காதில் போன் வைத்தபடி ஒருவர் அடைத்துக்கொண்டிருந்தார். அவருக்குக் கீழே அவருடைய மகன், அவருடைய நண்பர்கள். கடைசி மூலையில் இரண்டு வட்டங்களுக்குள் செனாடாவும் நானும். பஸ்ஸில் எடுத்த செல்ஃபி, போன் போனாகக் கைமாறி இங்கே வந்திருந்தது. செனாடாவின் கன்னத்தில் அந்தக் குழந்தையின் கை மட்டும் மிச்சம் இருந்தது. நான் கண்ணை மூடியிருந்தேன். வேகமாகப் போகிறவர்கள் என்னைக் காலமானவள் என்று நினைத்திருப்பார்கள். தலைப்பில் சிவப்பெழுத்தில், 'எங்கள் மண்ணின் ஓவியம் காண வருகை தந்த வெளிநாட்டு ஓவிய மேதைகளை வருக வருக என வரவேற்கிறோம்'.

"அண்ணன் இந்தப் பக்கம் வார்டு மெம்பர். வெளியாளு முக்கியமானவுங்க யாரு வந்தாலும் வச்சிருவாரு" என்றார் முருகேசன். "புது பேங்க் மேனேசருக்கு வச்சதவிட இது பெருசு."

என்ன சொல்லித் திட்டுவது? அந்த மனிதரின் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். ஒஸ்லோவில் வகுப்பெடுத்தவரை நினைத்தேன். ரகசியப் பயணத்தைச் சந்தியில் அச்சடித்துக் கட்டி வைத்திருக்கிறார்கள். செனாடா மட்டும் பிளெக்ஸுக்குக் கீழே நின்று தன்னைப் படம் எடுக்கச் சொன்னாள்.

அப்போது போன் அடித்தது. மலர்.

"சந்தியிலை பிளெக்ஸ் பாத்தன்" என்றாள். எல்லாம் முடிந்தது, இனி இவள் வரப்போவதில்லை, இனி இந்த வலியோடுதான் கிடக்கப் போகிறாள் என்று நினைத்தேன். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். மறுபக்கத்தில் ஒரு சத்தம். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"ஏனக்கா கண்ணை மூடினனீங்கள்?"

"அது... படம் எடுக்கேக்கை..."

"சரி, கேளுங்கோ. தெரியாத ரண்டு பொம்பிளையள் முகாமுக்கு வந்தால் ஏன் வந்தவை எண்டு கேப்பினம். இப்ப ஆரும் கேக்க மாட்டினம். பதிலைத்தான் சந்தியிலை எழுதி வச்சிருக்கே. எல்லாரும் உங்களைப் பாக்கோணும் எண்டு நிக்கினம். பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு நாளைக்குக் காதுகுத்து. இண்டைக்குப் பின்னேரம் சமையலுக்கு வெங்காயம் உரிப்பினம். வாங்கோ."

"மலர், விதிப்படி அமைதியான தனி இடம்..."

"அமைதியான இடத்திலை கதைச்சால்தான் அக்கா எல்லாருக்கும் கேக்கும். இங்கை பாட்டுப் பெட்டி போட்டிருக்கினம். பிறகு இன்னொண்டு. வெங்காயம் உரிக்கிற இடத்திலை ஆர் அழுதாலும் ஏன் எண்டு ஆரும் கேக்க மாட்டினம்."

எங்கள் விதிமுறையில் வெங்காயத்தைப் பற்றி ஒரு வரியும் இல்லை. செனாடாவிடம் சொன்னேன். "இத்தனை வருடத்தில் நான் கேட்ட மிக நல்ல ஏற்பாடு" என்றாள்.

பின்னேரம் போனோம். வரிசை வீடுகளுக்கு நடுவே ஒரு வெளி. ஒரு ஓரத்தில் பொன்னமராவதியிலிருந்து வந்த சமையல்காரர் அண்டாக்களை இறக்கிக்கொண்டிருந்தார். நடுவில் தார்ப்பாய் விரித்து, சின்ன வெங்காயம் மூட்டையாகக் கொட்டி, சுற்றிப் பெண்கள். மரத்தடியில் ஆள் உயரத்துக்குப் பாட்டுப் பெட்டி. உட்காருமுன் எங்கள் நிபுணத்துவத்துக்குச் சோதனை வந்தது. "எங்க வீட்டுச் செவுத்துல மயில் வரைஞ்சிருக்கோம், ஒரு தடவ பாத்துச் சொல்லுங்க" என்று ஒரு பெண் செனாடாவின் கையைப் பிடித்து இழுத்துப் போனாள். செனாடா மயிலைப் பார்த்தாள். தோகை நன்றாக இருக்கிறது, கால் மட்டும் கொஞ்சம் தடித்துவிட்டது என்றாள். நான் அப்படியே சொன்னேன். "அதத்தான் நானும் சொன்னேன்" என்றார் அந்தப் பெண்ணின் கணவர். அதோடு எங்களை யாரும் எதுவும் கேட்கவில்லை.

பாட்டுப் பெட்டிக்குப் பக்கத்து மூலையில் மலர் இருந்தாள். மெலிந்த, கைவேகமான பெண். ஒரு பக்கமாகச் சரிந்துதான் உட்கார்ந்திருந்தாள். நேராக உட்கார அவளால் முடியாது. செனாடாவுக்கும் தரையில் உட்காரக் கால் மடங்கவில்லை. ஒரு வாளியைக் கவிழ்த்துக் கொடுத்தார்கள். கூட்டத்தில் எங்கிருந்து பார்த்தாலும் அவள்தான் தெரிந்தாள். யார் கண்ணிலும் படாமல் என்ற விதியை நான் அந்த இடத்தில் கைவிட்டேன்.

முதலில் வெங்காயத்தைப் பற்றித்தான் பேசினோம். பிறகு வலியைப் பற்றி. பிறகு நாங்கள் கேட்காமலே, கையில் கத்தியும் மடியில் தோலுமாக, மலர் அந்த நாளைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தாள். மொழிபெயர்ப்பவர்கள் 'அவள்' என்று சொல்லக்கூடாது, 'நான்' என்றுதான் சொல்ல வேண்டும். நான் ஓடினேன், நான் விழுந்தேன், நான் கத்தவில்லை என்று அவள் சொன்னதை எல்லாம் நான் என் வாயால் சொன்னேன். அதற்கு மேல் எழுத எனக்கு உரிமையில்லை. பாட்டுப் பெட்டி அலறிக்கொண்டிருந்தது. எங்கள் மூன்று பேர் கண்ணிலும் தண்ணீர் வழிந்தது. எனக்கு ஆத்திரமாக இருந்தது. இவ்வளவையும் இத்தனை காலம் இவள் தனியாகச் சுமந்திருக்கிறாளே என்று.

எதிரே உட்கார்ந்திருந்த, பரமேசக்கா என்று மற்றவர்கள் கூப்பிட்ட ஒருவர் எழுந்து ஒரு செம்பில் தண்ணீர் கொண்டு வந்து வைத்தார். எழுபதை நெருங்கும் மனுசி, அதுவரை யாரோடும் ஒரு வார்த்தை பேசாதவர். "கண்ணைக் கழுவுங்கோ. பொல்லாத வெங்காயம்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்த் தன் இடத்தில் உட்கார்ந்தார்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு மலர் செனாடாவைப் பார்த்தாள். "நீங்கள் முதன்முதல் ஆரிட்டைச் சொன்னனீங்கள்?"

"பல் வைத்தியரிடம்" என்றாள் செனாடா.

சரியாகத்தான் மொழிபெயர்த்தேனா என்று மலர் என்னைப் பார்த்தாள்.

"கடைவாய்ப் பல் வலி என்று போனேன். வாயைத் திறக்கச் சொல்லிவிட்டு, எங்கே வலிக்கிறது என்று கேட்டார். அதுவரை என்னை யாரும் அப்படிக் கேட்டதில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பாவம், அவர் கையில் குறடோடு நின்று கேட்டார்."

"பல்லு?"

"அதை அவர் பிடுங்க மறந்துவிட்டார். அடுத்த வாரம் மறுபடியும் போனேன்."

மலர் சிரித்தாள். குனிந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, பக்கத்துப் பெண்கள் திரும்பிப் பார்க்கும்படி சிரித்தாள். சிரித்து ஓய்ந்ததும் கண்ணைத் துடைத்துவிட்டு, "டொக்டரிட்டைப் போறன்" என்றாள். "பொம்பிளை டொக்டரா இருக்கோணும். இங்கை வேண்டாம், திருச்சியிலை. கூட ஒராள் வரோணும். முழுக்கச் சொல்லுறன்." மூன்றுக்கும் செனாடா அங்கேயே ஒப்புக்கொண்டாள். பிறகு நாங்கள் மிச்ச வெங்காயத்தை உரித்தோம். செனாடா உரித்ததில் பாதி வெங்காயம் தோலோடு போய்விட்டது.

மறுநாள் காதுகுத்து. தாய்மாமன் வெடி போட்டுச் சீர்த்தட்டுகளோடு வந்தார். காது குத்தும்போது குழந்தை போட்ட சத்தத்தில் பாட்டுப் பெட்டி தோற்றது. ஓவிய மேதைகளை முதல் பந்தியில் உட்கார வைத்தார்கள். வார்டு மெம்பர் நேரில் வந்து, கறுப்புக் கண்ணாடியைக் கழற்றாமல் எங்களோடு படம் எடுத்தார். மலர் சாம்பார் வாளியோடு வந்து செனாடாவின் இலையில் இரண்டு கரண்டி ஊற்றினாள். "எங்கடை வெங்காயம்" என்றாள். மொழிபெயர்க்குமுன்பே செனாடா தலையாட்டிவிட்டாள்.

கிளம்பும்போது பரமேசக்கா கார் வரைக்கும் கூட வந்தார். முருகேசன் வண்டியைத் திருப்பப் போயிருந்தார். அக்கா என் கையைப் பிடித்தார்.

"தைப்பொங்கல் கழிய எங்கடை பேத்திக்கும் காது குத்துறம். வருவியளோ?"

"ஓவியம் பாக்கவோ அக்கா?" என்று விளையாட்டாகக் கேட்டேன்.

"இல்லை. வெங்காயம் உரிக்க."

அவர் என் முகத்தைப் பார்க்காமல், தூரத்தில் வரும் காரைப் பார்த்தபடி சொன்னார். "நேத்து எனக்கு ஒண்டும் கேக்கேல்லை. பாட்டுத்தான் கேட்டது. ஆனால் வெங்காயத்துக்கு அழுறது எப்பிடி, மற்றது எப்பிடி எண்டு எனக்குத் தெரியும் பிள்ளை. நானும் ஒருக்கா உரிக்கோணும்."

"வருவம் அக்கா" என்றேன். செனாடா என்ன என்று கேட்டாள். சொன்னேன். அவள் குனிந்து பரமேசக்காவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு நின்றாள். கார் வந்து நிற்கும் வரை இருவரும் கையை விடவில்லை.

சந்தியைத் தாண்டும்போது பிளெக்ஸ் இன்னும் அங்கேயே இருந்தது. காற்றுக்கு என் பக்கம் மட்டும் கொஞ்சம் கிழிந்திருந்தது. முருகேசன் வண்டியை மெதுவாக்கினார்.

"அடுத்த வாட்டி வாரதா இருந்தா முன்னாடியே ஒரு வார்த்த சொல்லிருங்க மேடம். அண்ணன்ட்ட சொல்லி இன்னும் பெருசா வச்சுருவோம்."

"தைப்பொங்கல் கழிய வாறம் முருகேசன்" என்றேன். "நல்ல பெரிசா வையுங்கோ."